காட்டுச் சூரியகாந்தியை இனம் காண்பது எப்படி?

நாம விதைக்கிற சூரியகாந்திக்குப் பூர்வீகம் வட அமெரிக்கா. அங்கே அதன் காட்டு இனம் இன்றும் சாலையோரங்களில் தானே முளைத்து, ஒரே பருவத்தில் பூத்துக் காய்த்து மடிகிறது. நம்ம பயிருக்கு ஒரு தண்டு, ஒரு பெரிய பூ. காட்டுச் செடியோ பல கிளை விட்டு, சிறு சிறு பூவாகப் பூக்கும். விதையும் சிறிசு, முற்றினால் உதிர்ந்துவிடும்.

அங்கே மணற்பாங்கான நிலத்தில் இதற்குப் பங்காளி ஒன்றும் உண்டு. பிரித்தறிவது எப்படி? முன்னதன் இலை அகலம், ஓரத்தில் பல் இருக்கும். பங்காளியின் இலை ஒடுக்கம். பூவின் நடுவில் வெள்ளை முடி தெரியும்.

இந்த மணல் இனத்தைக் கொண்டுதான் 1969-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லெக்லெர்க் மகரந்தம் கொட்டாத தாய்ச் செடியைக் கண்டார். 1980-ல் பெங்களூரில் வெளியான பி.எஸ்.எச்.1 என்ற வீரிய ஒட்டு ரகம் அந்த வழி வந்ததே.

விதைப் பண்ணை வைத்திருப்பவர்களே, பெண் வரிசையில் கிளை விட்ட செடியோ, மகரந்தம் கொட்டும் பூவோ தென்பட்டால் அது கலவன். தாமதிக்காமல் பிடுங்கிடுங்க. மற்றவர்கள் ஒட்டு ரக விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்காதீங்க. அடுத்த போகம் செடிகள் ஒன்றுபோல் வராது.