பம்மி போட்டது தப்புக்கணக்கு: ஆசிரமத்திலிருந்து தப்பியவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது?

‘ஆஷ்ரம்’ இந்தித் தொடரின் முதல் சீசன் 2020 ஆகஸ்டில் எம்எக்ஸ் பிளேயரில் வந்தபோது, சாமியார் கதைகளில் வழக்கமாக வரும் கேலிக்கூத்து இதில் இல்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இயக்கம் பிரகாஷ் ஜா. பாபா நிராலாவாக பாபி தியோல். ஆனால் தொடரைத் தாங்கி நின்றது பம்மி என்ற பட்டியலினப் பெண், மல்யுத்த வீராங்கனை. அவள் ஏன் ஒரு சாமியாரை நம்புகிறாள் என்பதற்குக் கதையில் நியாயம் இருந்தது. ஆதிக்க சாதிக்காரர்கள் கல்யாண ஊர்வலத்தையே அடித்து நொறுக்கும் ஊரில், அவள் குடும்பத்தின் பக்கம் வந்து நின்றவர் பாபா ஒருவர்தான். அதே பாபாவிடம் அவள் வன்கொடுமைக்கு ஆளாவதும், தப்பி ஓடுவதும் அடுத்தடுத்து வந்தன. தப்பியவளின் போராட்டத்தை இனி காட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

2025 பிப்ரவரியில் வந்த பகுதி அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது. பம்மி மறுபடியும் ஆசிரமத்துக்குள் நுழைந்து, பாபாவின் வலது கையான போபா சுவாமியைத் தன் வலையில் சிக்கவைத்துப் பழிவாங்கக் காய் நகர்த்துகிறாள். சட்டத்தை நம்பினால் கதை ஆகாது, அழகையும் தந்திரத்தையும் நம்பு என்பதுதான் தப்பி வந்த பெண்ணுக்குத் தொடர் கொடுக்கும் புத்திமதி. திரையில் விறுவிறுப்பாக இருக்கலாம். நிஜத்தில் ஒரு பெண் அப்படித் திரும்பிப் போனால், உயிருக்கு ஆபத்து. அதோடு, தானாகத்தானே வந்தாள் என்ற வாதத்தை எதிர்த்தரப்புக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகவும் ஆகும்.

நிஜத்தில் நடந்தவை

தொடர் கற்பனைதான். ஆனால் பழிவாங்காமல், புகார் கொடுத்து, சாட்சி சொல்லி ஜெயித்த பெண்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

2002-இல் ஹரியானாவின் சிர்சாவிலிருந்து அன்றைய பிரதமர் வாஜ்பாய்க்குப் பெயர் போடாத ஒரு கடிதம் போனது. எழுதியவர் தேரா சச்சா சௌதா ஆசிரமத்தின் பெண் துறவி. ‘குகை’ என்று அழைக்கப்பட்ட அறையில் ஆசிரமத் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் செய்ததை அதில் எழுதியிருந்தார். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்து சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. கடிதத்தை வெளியிட்ட ‘பூரா சச்’ இதழின் ஆசிரியர் ராம் சந்தர் சத்ரபதி அதே ஆண்டு சுடப்பட்டு இறந்தார். பாதிக்கப்பட்டவர்களில் இரண்டு பெண்கள் மட்டும் கடைசி வரை சாட்சியத்தில் நின்றார்கள். 2017 ஆகஸ்ட் 25 அன்று ராம் ரஹீம் மீதான குற்றம் உறுதியானது. மூன்று நாள் கழித்து 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. தண்டனைக்குப் பிறகும் அவர் பலமுறை பரோலில் வெளியே வந்து போவது உண்மை. அந்தத் தீர்ப்பு இருக்கிறது என்பதும் உண்மை.

நம் ஊரிலும் உண்டு. இலங்கையின் மாத்தளையிலிருந்து வந்து திருச்சிக்கு அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவின் வழக்கு, 1994-இல் அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் வாய் திறந்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற தமிழ்ப் பெண்கள். 1997-இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

‘விரும்பித்தானே போனாள்?’

தப்பி வந்தவளை ஊர் கேட்கும் முதல் கேள்வி இது. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலும் இதையே கேட்பார். சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. பயத்தாலோ தவறான நம்பிக்கையாலோ கொடுத்த சம்மதம், எதிராளிக்கு அது தெரிந்திருந்தால், சம்மதமே அல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவு. நம்பிக்கைக்கோ அதிகாரத்துக்கோ உரிய இடத்தில் இருப்பவர் வன்கொடுமை செய்தால், 64(2)-ஆம் பிரிவின்படி குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் நடந்ததற்கு அன்றைய தண்டனைச் சட்டம் பொருந்தும்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் பாலியல் வல்லுறவு செய்தால் அதைக் கடுமையான குற்றமாகத் தனியே குறிப்பிடுகிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனை 20 ஆண்டு. தெரிந்தும் சொல்லாமல் மறைத்தவர்களும் தண்டனைக்கு உரியவர்கள். ஜோத்பூர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சாமியார் ஆசாராமுக்கு ஆயுள் தண்டனை விதித்தது ஒரு சிறுமி கொடுத்த புகாரில்தான்.

வருஷம் பல ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். மூன்று ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. தாமதம் ஏன் என்பதை மட்டும் புகாரிலேயே எழுதிவிட வேண்டும்: மிரட்டினார்கள், போனைப் பிடுங்கி வைத்தார்கள், வீட்டார் நம்பவில்லை என்று உள்ளது உள்ளபடி.

புகார் கொடுக்கும்போது

ஆசிரமம் இருக்கும் ஊரில்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதியலாம், உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் புகார் தரலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு. மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லா மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்தாக வேண்டும். இருவிரல் பரிசோதனை கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. சம்பவம் நடந்து ஒன்றிரண்டு நாள்தான் ஆகிறது என்றால், அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகித உறையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஆசிரமத்தில் கொடுத்த ரசீது, அடையாள அட்டை, வாட்ஸ்அப் செய்தி, உடன் இருந்தவர்களின் பெயர், அறை எந்தப் பக்கம் என்ற நினைவு என எதையும் அற்பமென்று ஒதுக்க வேண்டாம்.

புகார் பதியும் முன் யூடியூப் சேனல்களுக்குப் பேட்டி கொடுப்பது வழக்குக்கு நல்லதல்ல. பேட்டியில் சொன்னதும் புகாரில் சொன்னதும் ஒரு வரி மாறினால் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது அதே சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம்; வயது வந்த பெண் எழுத்துமூலம் அனுமதித்தால் விலக்கு உண்டு.

மிரட்டல் வந்தால்

இதுதான் பெரிய ஆபத்து. ஆசாராம் வழக்குகளில் சாட்சிகள் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்குகளின் சாட்சிகளில் ஒருவரான மகேந்தர் சாவ்லா முதலானோர் தொடுத்த மனுவில்தான், 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு செய்யலாம். மிரட்டல் எவ்வளவு தீவிரம் என்று போலீஸ் அறிக்கை தரும்; அதன்படி வீட்டுக்குக் காவல், கேமரா, நீதிமன்றத்துக்குப் பாதுகாப்போடு கூட்டிச் செல்லுதல், தேவைப்பட்டால் இடமாற்றம் வரை கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் அதோடு இழப்பீட்டுக்கும் வழி சொல்வார்கள்.

எழுதிக் கொடுத்த சொத்து

நிலத்தையும் நகையையும் குருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வருபவர்கள் பலர். ஒருவரின் மனத்தை ஆட்டிப்படைக்கும் இடத்தில் இருப்பவர், அதைப் பயன்படுத்திப் பெற்ற பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஏ பிரிவு. மறுமைக்குப் புண்ணியம் என்று நம்பித் தன் குருவுக்குச் சொத்து முழுவதையும் எழுதிக் கொடுத்த முதியவரின் பத்திரத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1890-லேயே செல்லாதென்று சொல்லியிருக்கிறது. உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இதில் மட்டும் காலதாமதம் கூடாது.

உள்ளே இருப்பவரை மீட்க

அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். மாஜிஸ்திரேட்டிடம் தேடுதல் வாரண்டும் கேட்கலாம். ஆனால் வயது வந்த பெண், ‘என் விருப்பத்தில்தான் இருக்கிறேன்’ என்று நீதிபதி முன் சொல்லிவிட்டால் அங்கே மனு முடிந்துவிடும். பெற்றோருக்கு அது தாங்க முடியாத வலி. ஆனாலும் அவள் முடிவைச் சட்டம் மதிக்கத்தான் வேண்டும். பிள்ளையைத் திட்டித் தொடர்பை அறுத்துக்கொள்ளாமல், போன் பேசக்கூடிய உறவாக வைத்திருப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடியது. மனம் மாறும் நாளில் அவள் முதலில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான்.

இனி ‘ஆஷ்ரம்’ தொடருக்குத் திரும்பினால், அதைப் பற்றிய குறைக்கும் வழி உண்டு. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வயது வகைப்பாடு, ஆபாசம் போன்றவற்றுக்குத்தான் அது உதவும். கதை ஏமாற்றிவிட்டது என்பதற்கு எந்த விதியிலும் நிவாரணம் இல்லை. தொடர் பார்த்துப் பழிவாங்கலை நம்பும் பெண்ணுக்கு மாற்று வழியைச் சொல்ல நம்மால் முடியும். தப்பி வந்தவளிடம் ஏன் போனாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவளோடு காவல் நிலையம் வரை போங்கள்.

அவசரத்துக்கு: போலீஸ் 112, பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவி 15100, மனநல ஆலோசனை 14416.