தாத்தாவுக்கும் ஒரு கிண்ணம்

போன வருடம் என் மகளின் ஆறாவது பிறந்தநாள். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருபது பேர் இருந்தோம். கேக் வெட்டி முடித்ததும் என் மாமனார் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். ஸ்பூன் வாய்க்குப் போகும் நேரத்தில் மகள் ஓடிவந்தாள். "தாத்தா, நோ! உங்களுக்கு டயாபடீஸ் இருக்கு. இது உங்களுக்கு இல்ல!"

சிலர் சிரித்தார்கள். மாமா ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆமாண்டா கண்ணு, மறந்துட்டேன்" என்றார்.

அந்த வாக்கியத்தை அவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். என்னிடம்தான். "மாமா, அது உங்களுக்கு இல்ல" என்று அந்த வருடத்தில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! அக்கறையில் சொன்னதுதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டது, தாத்தாவைக் கண்காணிக்கலாம், நாலு பேர் முன்னால் திட்டலாம் என்பதை மட்டும்தான்.

மாமாவுக்கு 71 வயது. எண்பதுகளில் திருச்சியிலிருந்து இங்கே வந்தவர். என் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் எம்.எஸ். படிக்க வந்து, மென்பொருள் வேலையில் தங்கிவிட்டவன். மாமா ரிட்டயர் ஆனதிலிருந்து அவரும் அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அவருக்குப் பதினைந்து வருடமாக டைப் 2 சர்க்கரை நோய். நாலு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

பிறந்தநாள் முடிந்து சில வாரம் கழித்து, அவர் காரில் டயர் பிரஷர் பார்க்கும் கருவியைத் தேடினேன். க்ளவ் பாக்ஸைத் திறந்தால் அரை கிலோ மைசூர்பாகு டப்பா. முக்கால்வாசி காலி. என் மனைவியிடம்கூடச் சொல்லாமல் மூடிவைத்துவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். இந்த மனுஷன் நாற்பது வருடம் இந்த ஊரில் உழைத்து, வீடு கட்டி, பெண்ணைப் படிக்கவைத்தவர். சொந்த வீட்டில் இனிப்பை ஒளித்துவைத்துத் தின்னும் நிலைக்கு அவரை நாங்கள்தானே கொண்டுபோயிருக்கிறோம்?

அவருக்குப் பிடித்தது சாக்லேட் கஸ்டர்ட். அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வாராம். என் மனைவிக்கும் அதுதான் சின்ன வயது ஞாபகம். சரி, அதையே சர்க்கரை இல்லாமல் செய்துவிடலாம் என்று நான் கிச்சனுக்குள் போனேன்.

முதல் முயற்சி

நான் செய்தது இதுதான்: பால், கஸ்டர்ட் பவுடர், 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்த ஒரு பெரிய சாக்லேட் பார். சர்க்கரை ஒரு துளிகூட இல்லை. மாமா "சுகர் ஃப்ரீதானே மாப்ள?" என்று கேட்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சாப்பிடும் முன் 126 இருந்த அளவு, இரண்டு மணி நேரம் கழித்து 204.

வேலையில் ஒரு பிழை வந்தால் ஒவ்வொரு வரியாகத்தான் தேடுவோம். அதே மாதிரி டப்பாக்களை மேஜையில் வரிசையாக வைத்து லேபிள்களைப் படித்தேன். மூன்று தப்பு தெரிந்தது.

முதலாவது, கஸ்டர்ட் பவுடர். நம்மில் பலர் கஸ்டர்ட் என்றாலே இந்த மஞ்சள் பவுடரைத்தான் நினைக்கிறோம். அசல் கஸ்டர்டைக் கெட்டிப்படுத்துவது முட்டை. 1837-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் முட்டைக்குப் பதில் சோளமாவு வைத்து இந்தப் பவுடரைக் கண்டுபிடித்தார். அதாவது அது நிறமும் மணமும் சேர்த்த சோளமாவு. ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 7 கிராம் கார்போஹைட்ரேட். லேபிளில் 'சுகர்' என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கும். ஆனால் மாவுச்சத்து வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும்.

இரண்டாவது, பால். ஒரு கப் பாலில் லாக்டோஸ் வடிவில் சுமார் 12 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. நான் மூன்று கப் ஊற்றியிருந்தேன்.

மூன்றாவது, அந்த சாக்லேட். அதில் இனிப்புக்கு மால்டிட்டால் சேர்த்திருந்தார்கள். அது சர்க்கரை இல்லைதான், ஆனாலும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். அளவு மீறினால் வயிற்றையும் கலக்கும். மறுநாள் காலையில் அதையும் மாமா அனுபவித்தார்.

அத்தை ஒரு யோசனை சொன்னார்: "கருப்பட்டி போட்டுச் செய்யேன். அது ஒண்ணும் பண்ணாது." நம் வீடுகளில் எல்லாரும் நம்புகிற விஷயம் இது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ருசி வேறு, மணம் வேறு. க்ளூகோமீட்டருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

எந்த இனிப்பு?

கடையில் அதிகம் கிடைப்பது எரித்ரிட்டால். அதில் இரண்டு சிக்கல். கஸ்டர்ட் குளிர்ந்ததும் அது மறுபடி படிகமாகி, நாக்கில் மணல் மாதிரி நெருடும். அது பரவாயில்லை என்றாலும், 2023-இல் அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுதலாகக் காணப்பட்டதாக எழுதினார்கள். அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்த மனுஷருக்கு நான் அதை ஏன் போட வேண்டும்?

நான் தேர்ந்தெடுத்தது அலுலோஸ். சர்க்கரையின் இனிப்பில் 70 சதவீதம் இருக்கும், குளிர்ந்தாலும் நெருடாது. உடம்பு அதைப் பெரும்பாலும் எரிக்காமல் வெளியே அனுப்பிவிடும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019-லிருந்து இதை லேபிளில் 'சுகர்' கணக்கில் சேர்க்காமல் விட அனுமதிக்கிறது. எல்லா நாடுகளிலும் இது கிடைக்காது. கிடைக்காதவர்கள் டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். சைலிட்டால் வாங்கினால் ஒரு எச்சரிக்கை: வீட்டில் நாய் இருந்தால் அதன் வாய்க்கு எட்டவே கூடாது. நாய்களுக்கு அது விஷம்.

தேவையானவை (8 சின்னக் கிண்ணம்)

ஹெவி விப்பிங் கிரீம் – 1 கப் (240 மி.லி.)
இனிப்பில்லாத பாதாம் பால் – 1 கப் (240 மி.லி.)
முட்டை மஞ்சள் கரு – 5
இனிப்பில்லாத கோகோ பவுடர் – 3 டேபிள்ஸ்பூன்
100% பேக்கிங் சாக்லேட் – 30 கிராம், பொடியாக நறுக்கியது
அலுலோஸ் – 80 கிராம்
இன்ஸ்டன்ட் காபித் தூள் – அரை டீஸ்பூன்
வெனிலா எசென்ஸ் – 1 டீஸ்பூன்
உப்பு – ஒரு சிட்டிகை

செய்முறை

கோகோ, அலுலோஸ், காபித் தூள், உப்பு நாலையும் பாத்திரத்தில் கலந்து, கொஞ்சம் பாதாம் பால் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீதிப் பாலையும் கிரீமையும் ஊற்றி, மிதமான தீயில் சூடாக்குங்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்கி, சாக்லேட்டைப் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள்.

மஞ்சள் கருவை நுரை வராமல் லேசாக அடித்துக்கொள்ளுங்கள். சூடான கலவையை ஒரு கரண்டி ஊற்றி, கலக்கி, இன்னொரு கரண்டி ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் முட்டை திரிந்து பொடிமாஸ் ஆகிவிடும். எல்லாம் சேர்ந்ததும் வெனிலா விட்டு, வடிகட்டியில் ஒருமுறை வடிகட்டுங்கள்.

அடுத்தது வேகவைப்பது. ஓவனில் தட்டு நிறைய வெந்நீர் வைத்துச் செய்வதுதான் வழக்கம். நான் அந்தத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமா உள்ளே வந்து, "எதுக்கு மாப்ள இவ்வளவு கஷ்டம்? இட்லிப் பாத்திரம் இருக்கே" என்றார். நியாயம்தான். சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றி, மேலே ஃபாயில் மூடி, இட்லிப் பாத்திரத்தில் அடுக்கினோம்.

முதல் தடவை முழுத் தீயில் வைத்துவிட்டேன். உள்ளெல்லாம் ஓட்டை ஓட்டையாக வந்தது. "இட்லிப் பாத்திரத்துல வெச்சா இட்லிதான் வரும்" என்று மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

தண்ணீர் கொதித்ததும் தீயை மிகக் குறைவாக வைத்து, கிண்ணங்களை உள்ளே வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி விட வேண்டும். 12 முதல் 15 நிமிடம். ஓரம் கெட்டியாகி, கிண்ணத்தை ஆட்டினால் நடுப்பகுதி மட்டும் ஜெல்லி மாதிரி ஆடினால் சரியான பதம். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 77 முதல் 80 டிகிரி செல்சியஸ். ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் வையுங்கள். மிச்சமான வெள்ளைக் கரு மறுநாள் ஆம்லெட்டுக்கு ஆகும்.

முட்டை சாப்பிடாத வீடுகளில், மஞ்சள் கருவுக்குப் பதில் ஒரு டீஸ்பூன் அகர் தூளை, அதாவது சைனா கிராஸை, பாதாம் பாலில் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்துச் சேர்க்கலாம். பிறகு வேகவைக்க வேண்டாம், அப்படியே குளிரவைத்தால் போதும். கஸ்டர்டின் வழுவழுப்பு வராது, ஆனால் நன்றாகவே இருக்கும்.

கணக்கு

அலுலோஸையும் நார்ச்சத்தையும் கழித்துப் பார்த்தால், ஒரு கிண்ணத்தில் சுமார் 2 கிராம் கார்போஹைட்ரேட்தான் வருகிறது. இதே எட்டுக் கிண்ணத்தைப் பாலும் கஸ்டர்ட் பவுடரும் 80 கிராம் சர்க்கரையும் போட்டுச் செய்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 16 கிராம். புதுக் கஸ்டர்டை மாமா சாப்பிட்ட அன்று முன்னால் 118, இரண்டு மணி நேரம் கழித்து 129. இது ஒருவருடைய ஒருநாள் கணக்கு மட்டும்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது செய்தால் நீங்களே அளந்து பாருங்கள்.

சில விஷயங்களை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிரீமில் கொழுப்பு அதிகம். அதனால்தான் பாதிக்குப் பாதி பாதாம் பால், அதனால்தான் சின்னக் கிண்ணம். மாமாவுக்கு வாரம் ஒருமுறை, ஒரே ஒன்று. இன்சுலினோ க்ளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் கார்போஹைட்ரேட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம். சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் பேசுங்கள். நாங்களும் பேசிவிட்டுத்தான் செய்தோம். அலுலோஸ் அதிகமானால் சின்ன வயிறு தாங்காது, குழந்தைகளுக்கு அரைக் கிண்ணம் போதும். அப்புறம், குழந்தைகள் முன்னால் கார்ப் கணக்கு பேச வேண்டாம். வளரும் பிள்ளைக்குச் சோறும் வேண்டும், பிறந்தநாள் கேக்கும் வேண்டும்.

இந்த வருடப் பிறந்தநாள்

இந்த வருடம் மகளுக்கு ஏழு வயது. கேக்கும் இருந்தது, கஸ்டர்டும் இருந்தது. ஆனால் ஒன்றில் நானும் என் மனைவியும் உறுதியாக இருந்தோம்: 'தாத்தா கிண்ணம்' என்று தனியாக எதுவும் வைக்கக் கூடாது. நோயாளிக்கு என்று ஒதுக்கிவைத்த இனிப்பு, மருந்து மாதிரிதான் இருக்கும். மூன்று தடவை செய்து இருபத்திநாலு கிண்ணம் வரிசையாக அடுக்கினோம். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. மகள்தான் தட்டில் எடுத்துப்போய் எல்லாருக்கும் கொடுத்தாள்.

மாமா பக்கம் வந்ததும் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. "தாத்தா, உங்களுக்கு வேணுமா?" என்று அவரிடமே கேட்டாள்.

"வேணும்டா கண்ணு" என்று எடுத்துக்கொண்டார்.

க்ளவ் பாக்ஸில் இப்போது மைசூர்பாகு இருக்கிறதா என்று நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை. சர்க்கரை அளவை அவரே எடுத்து, சமையலறைக் காலண்டரில் பேனாவால் எழுதிவைக்கிறார். நல்ல நம்பரும் இருக்கிறது, மோசமான நம்பரும் இருக்கிறது. முன்பெல்லாம் மோசமான நம்பரை எங்களிடம் சொல்லவே மாட்டார். கடைசியாக எடுத்த ஏ1சி 8.1-லிருந்து 7.4-க்கு இறங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் டாக்டர் மாற்றிய மாத்திரையும் சாயங்கால நடையும்தான், என் கஸ்டர்ட் என்று நான் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை காலையில் இப்போது இட்லிப் பாத்திரத்தை எடுப்பது மாமாதான். பேத்தி முட்டையை உடைத்துக் கொடுக்கிறாள், ஓடு விழுந்தால் இருவரும் சேர்ந்து பொறுக்குகிறார்கள். போன வாரம் நான் மீட்டிங்கில் இருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது: "மாப்ள, கிரீம் தீந்துபோச்சு. வரும்போது ரெண்டா வாங்கிட்டு வாங்க."