பின்மதிலில் நிற்கும் லாரி

புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை. விடியற்காலை ஐந்தரை மணி. மயிலம் சாலையிலிருந்து உள்ளே திரும்பிய பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று, உயரமான மதில் சுவருக்கு எதிரே வந்து நின்றுவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய செல்போன். அதன் திரையில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு விரிசல். விரிசலுக்கு நடுவே நீலப் புள்ளி அசையாமல் நிற்கிறது. வந்து சேர்ந்தாயிற்று என்று போன் சொல்லிவிட்டது. எதிரே கேட் இல்லை. சுவர்தான் இருக்கிறது.

டிரைவர் இறங்கி டீக்கடைக்கு வந்தார். நாமக்கல் பக்கத்துப் பேச்சு.

"அக்கா, இந்தக் கம்பெனி எங்கீங்க்கா? போனு இதுதான்னு காட்டுதுங்க. கேட்டையே காணமுங்களே."

கடைக்கார அம்மாள் பால் ஆற்றுவதை நிறுத்தாமல் சொன்னார். "பின்னாடி வந்துட்ட தம்பி. வந்த வழியே போ. டிரான்ஸ்பார்மர் வரும். அங்க பீச்சாங்கை பக்கம் ஒடிச்சு உள்ள போ. நீலக் கலர் கேட்டு. செக்யூரிட்டி அசந்திருப்பாரு, ஆரன் அடி."

அந்த நீள வண்டியை அந்தக் குறுகிய ரோட்டில் திருப்ப இருபது நிமிடம் ஆனது. கிளீனர் பையன் பின்னால் நின்று "வா, வா, வா" என்று கத்தி, கால்வாய் ஓரத்தில் சக்கரம் இறங்காமல் பார்த்துக்கொண்டான். இரவு முழுக்க ஓட்டி வந்தவருக்கு அந்த இருபது நிமிடம் எவ்வளவு பெரியது என்பது வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இதில் போனைக் குற்றம் சொல்ல முடியாது. யாரோ ஒருவர் அந்தத் தொழிற்சாலையின் கூரைக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேட் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அந்தப் புள்ளிக்கு மிக அருகில் எந்த ரோடு ஓடுகிறதோ, அங்கே போன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. பின்மதில் பக்கம் ரோடு நெருக்கமாக இருந்தால் பின்மதில்தான். டீக்கடை அம்மாளுக்குத் தெரிந்த ஒரு செய்தி வரைபடத்துக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தச் சின்ன விஷயத்தில்தான் தினம் தினம் டீசலும் தூக்கமும் போகின்றன.

கையில் அடங்கும் கருவியில் வழி பார்க்கும் பழக்கத்தை நான் முதலில் கண்டதும் இந்த மயிலம் சாலையில்தான். 2009 கோடை விடுமுறை. பாரீஸிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பையன் சட்டைப் பையில் ஐபாட் டச் வைத்திருந்தான். புதுச்சேரியில் இது புதிதல்ல. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் பாதிப்பேர் அங்கே, பாதிப்பேர் இங்கே. லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியில் சாக்லேட்டோடு ஏதாவது ஒரு புதுக் கருவியும் இருக்கும்.

ஐபாட் டச் பாட்டுக் கேட்பதற்கென்று 2007 செப்டம்பரில் வந்த கருவி. 2008 ஜனவரியில் அதற்கு வரைபடம் சேர்த்தார்கள். முன்பே வாங்கியிருந்தவர்கள் அதற்காக 20 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதில் சிம் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. பிறகு எப்படி இடம் காட்டியது? சுற்றியிருக்கும் வைஃபை பெட்டிகளின் அடையாள எண்களைப் படித்து, ஸ்கைஹுக் என்ற நிறுவனம் தெருத் தெருவாக வண்டி ஓட்டித் திரட்டி வைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டது. பாரீஸில் மாடிக்கு மாடி வைஃபை இருந்தது. இங்கே ஊசுட்டேரிக் கரையில் பனைமரமும் தண்ணீரும் நாரையும்தான் இருந்தன.

பையன் கெட்டிக்காரன். வீட்டில் இன்டர்நெட் இருக்கும்போதே, சேதராப்பட்டு வரைக்குமான வழியைத் திரையில் துண்டு துண்டாகப் படம் பிடித்து ஆல்பத்தில் போட்டுக்கொண்டான். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, ஒரு காதில் பாட்டு, மறு காதை எனக்கு விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு படமாக விரலால் தள்ளி வழி சொல்லிக்கொண்டே வந்தான். பூத்துறை தாண்டியதும் ஒரு படம் குறைந்தது. அந்த ஒரு வளைவை அவன் பிடிக்க மறந்திருந்தான். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் போனோம்.

அவன் அன்று கையால் செய்த வேலையைத்தான் இன்று 'ஆஃப்லைன் மேப்' என்ற பெயரில் போனே செய்கிறது. 2010 ஜனவரியில் நோக்கியா தன் வரைபடத்தையும் குரல் வழிகாட்டலையும் இலவசமாக்கியபோது, தமிழ்நாட்டு வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கேபிள் வழியாக மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டவர்களை நான் அறிவேன். பேலன்ஸ் இல்லாத போனிலும் அது வழி சொன்னது. பலர் இன்றும் ஒன்றைத் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். நெட் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நினைக்கிறார்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நம் போன் அதைக் கேட்கிறது, அவ்வளவே. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு ஒரு பைசா டேட்டா செலவில்லை. டேட்டா வேண்டியது வரைபடத்துக்கு. அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், டவர் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி நகரும்.

சேதராப்பட்டுக்கு வழி சொல்வது மற்ற ஊர்களைவிடக் கடினம். அதற்குக் காரணம் ரோடு அல்ல, வரலாறு. புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டாக இல்லை. கிழிந்த துணியை வீசி எறிந்ததுபோல விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. நவாபு காலத்து மானியம், போர், உடன்படிக்கை என்று கிராமம் கிராமமாகக் கைமாறியதன் விளைவு. வில்லியனூரும் பாகூரும் 1783 வெர்சாய் உடன்படிக்கையின் பேரில் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தவை. 1954 நவம்பர் 1-இல் அவர்கள் ஆட்சியை ஒப்படைத்துப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. நகரத்திலிருந்து மயிலம் சாலையில் போகிறவர் புதுச்சேரியை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வந்து சேதராப்பட்டை அடைகிறார். ஊசுட்டேரியே பாதி இங்கே, பாதி அங்கே.

ஸ்கூட்டரில் போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சரக்கு வண்டிக்கு அப்படியில்லை. பில்லில் புதுச்சேரியின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும். தமிழ்நாட்டின் எண் 33. பர்மிட் வேறு, வரி வேறு, சோதனைச் சாவடி வேறு. "வேகமான வழி" என்று போன் காட்டும் கோடு இதில் எதையும் எண்ணிப் பார்த்துக் காட்டிய கோடு கிடையாது. 2020 ஊரடங்கின்போது எல்லைச் சாலைகள் பலவற்றில் தடுப்பு வைத்து மூடினார்கள். சுற்றியுள்ள தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வரும் தொழிலாளிகள், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை முந்தின ஷிப்டில் போனவருக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் கிளம்பினார்கள்.

பெயரில் இருக்கும் சிக்கல் இதைவிடப் பெரியது. சேதராப்பட்டு என்று தமிழில் எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு பலகையில் 'சேதராபெட்', இன்னொன்றில் 'செதுராபெட்'. ஊசுட்டேரிக்கு ஊசுடு, ஊஸ்டேரி, ஒசுடு என்று எத்தனையோ. பிரெஞ்சுக்காரர் அவர்கள் நாக்குக்கு எழுதியது ஒன்று, ஆங்கிலேயர் எழுதியது ஒன்று, இப்போது கம்பெனி போர்டு எழுதுகிறவர் எழுதுவது ஒன்று. ஓர் எழுத்து மாறினாலும் தேடுகிற இயந்திரம் குழம்புகிறது.

மேட்டுப்பாளையம் கதை இன்னும் மோசம். புதுச்சேரியில் தொழிற்பேட்டை இருக்கும் மேட்டுப்பாளையம் உண்டு. கோவை மாவட்டத்தில் ஊட்டி மலை ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையமும் உண்டு. வெறுமனே ஊர்ப் பெயரை மட்டும் அடித்தால் போன் எதை முதலில் காட்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு ஏற்றுகிற இடத்திலேயே பின்கோடையும் சேர்த்து அடிக்கச் சொல்ல வேண்டும். சேதராப்பட்டுக்கு 605111.

நம் ஆட்கள் வழி சொல்லும் முறையை ஒரு காலத்தில் பழமை என்றார்கள். ஆலமரம், ஏரிக்கரை, பிள்ளையார் கோயில், ரேஷன் கடை. பாலத்துக்கும் மதகுக்கும் 'கண்' என்று எண்ணிச் சொல்வது நம் வழக்கம். ஊசுட்டேரிக்குப் பக்கத்தில் பத்துக்கண்ணு என்று ஓர் இடமே இருக்கிறது, பேரே அடையாளம். 2009 டிசம்பரில் கூகுள் இந்தியாவுக்கென்று தன் வழிகாட்டலை மாற்றியபோது செய்தது இதைத்தான். தெருப் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியவில்லை என்று கண்டு, கோயிலையும் பெட்ரோல் பங்கையும் அடையாளமாகச் சேர்த்தது. 2017 டிசம்பரில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனி வழியைக் காட்ட ஆரம்பித்ததும் முதலில் இந்தியாவில்தான். 2021 ஜனவரியில் தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளில் இடப்பெயர்களை எழுத்துப்பெயர்த்துக் காட்டத் தொடங்கியது. நல்ல வேலைதான். ஆனால் ஆங்கில எழுத்திலிருந்து இயந்திரம் தமிழுக்குக் கொண்டுவரும் பெயர், ஊர்க்காரர் வாயில் வரும் பெயராக எப்போதும் இருப்பதில்லை. குறிலும் நெடிலும் ளகரமும் ழகரமும் அதில் அடிபட்டுப் போகின்றன. அதைத் திருத்த ஊர்க்காரரால்தான் முடியும்.

பெயரானாலும் பாதையானாலும், திருத்தாவிட்டால் என்ன ஆகும்? 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் முன்பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து ஒரு கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். போன் காட்டிய வழியில் வந்தார்கள் என்று செய்தி வந்தது. பாலம் உடைந்ததைப் பக்கத்து ஊர் முழுக்க அறிந்திருந்தது. அந்த மூன்று பேருக்கு மட்டும் தெரியாது.

அதற்கு ஆறே நாளில், நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மயிலம் சாலையில் சேதராப்பட்டு வழியாக வீடு திரும்ப நினைத்தவர்களுக்குப் போனில் இருந்தது வழக்கமான ரோடு. எதிரே இருந்தது தண்ணீர். அந்த நாட்களில் உண்மையான வரைபடம் வாட்ஸ்அப் குரல் செய்திகளில்தான் இருந்தது. "இந்தப் பக்கம் வராதீங்கண்ணா, முழங்காலுக்கு மேல ஓடுது." அப்படி ஒருவர் பேசி அனுப்பிய பத்து விநாடிப் பேச்சு, செயற்கைக்கோளுக்குத் தெரியாததைச் சொன்னது.

வரைபடம் போடுவது அரசாங்க வேலை என்று நாம் ஒதுங்கி நின்றதற்குக் காரணம் உண்டு. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய நாளிலிருந்தே, நிலத்தை அளப்பதும் படம் வரைவதும் ஆட்சி செய்கிறவரின் உரிமையாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அனுமதி, தடை என்று நீண்ட வழக்கம். 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு அந்த விதிகளைத் தளர்த்தியது. 2025 மே மாதம் அஞ்சல் துறை 'டிஜிபின்' வெளியிட்டது. நாட்டை ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீடு. ஒரு லாரி கேட்டைவிடச் சின்னக் கட்டம். தொழிற்சாலைக்கு மொத்தமாக ஒரு விலாசம் என்பது போய், சரக்கு இறங்கும் கேட்டுக்கே ஒரு விலாசம் கொடுக்க முடியும்.

ஆகவே தொழிற்பேட்டையில் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே ஒருவரை அனுப்பி உங்கள் கேட்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். அந்த இடத்திலிருந்து லொகேஷன் எடுத்து, லாரி ஆபீசுக்கு அனுப்பும் ஆர்டரிலேயே போடுங்கள்; கூரை நடுவில் கிடக்கும் பழைய புள்ளியைக் கேட்டுக்கு நகர்த்தச் சொல்லித் திருத்தம் அனுப்புங்கள். பெயரைத் தமிழிலும் சேருங்கள். வாசலில் ராத்திரி ஆளின் போன் நம்பரைப் பெரிதாக எழுதி வையுங்கள். சேதராப்பட்டு, கரசூர், தொண்டமாநத்தம் பிள்ளைகளே, உங்கள் தெருவும் கோயிலும் மதகும் உங்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே தமிழில் பதியுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொதுவரைபடத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், காசு கிடையாது. ஒரு பெயரைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். அன்று அந்த நாமக்கல் டிரைவருக்கு வண்டியைத் திருப்ப ஆனது இருபது நிமிடம்.