ஒரே கப்பலில் இரண்டு பயணங்கள்: ஒத்திகை மட்டும் ஏன் மறுபடியும்?

உல்லாசப் பயணக் கப்பல்களில் ஒரு பயணம் முடிந்ததும் இறங்கிவிடாமல், அதே கப்பலில் அடுத்த பயணத்தையும் தொடர்வோர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கப்பல் வீடு மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டு மண்டபம் எங்கே, படிக்கட்டு எங்கே என்பதெல்லாம் மனப்பாடம். அப்படிப்பட்டவர்களிடம், "பாதுகாப்பு ஒத்திகைக்கு மறுபடியும் வாருங்கள்" என்று சொன்னால் முகம் சுளிப்பது இயல்புதானே? "போன வாரந்தானே செய்தோம்!" என்பார்கள்.

நீங்களும் குடும்பத்தோடு அப்படியொரு பயணம் போக நேர்ந்தால் இதே எண்ணம் உங்களுக்கும் வரலாம். அதற்கு முன் இந்த ஒத்திகை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

பாதி காலியாகப் போன படகு

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். கப்பலில் இருந்தோர் 2,200 பேரளவில். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடம். அந்த இடங்கூட நிரம்பவில்லை என்பதுதான் வேதனை. முதலில் இறக்கப்பட்ட படகில் 65 பேர் ஏறியிருக்கலாம். ஏறியவர்கள் ஏறத்தாழ 28 பேரே! எங்கே போவது, எதில் ஏறுவது என்று பயணிகளுக்கு முன்கூட்டியே யாரும் பழக்கிக் காட்டியிருக்கவில்லை.

இந்த அழிவின் பின்னர்தான், 1914இல், கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச சமவாயம் உருவானது. இன்று நடைமுறையில் இருப்பது 1974ஆம் ஆண்டுச் சமவாயமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களுமாகும்.

விதியில் இருந்த ஓட்டை

ஆனால் அந்தச் சமவாயத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. பயணிகள் ஏறி 24 மணித்தியாலத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றே நீண்ட காலம் விதி இருந்தது. ஆபத்து 24 மணித்தியாலம் காத்திருக்குமா?

2012 ஜனவரி 13ஆந் திகதி அதற்குப் பதில் கிடைத்தது. 'கொஸ்டா கொன்கோர்டியா' என்ற இத்தாலியக் கப்பல் 4,200க்கும் மேற்பட்டவர்களுடன் அன்று மாலை ஏழு மணிக்குப் பின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. இரவு 9.45 மணியளவில் ஜிலியோ தீவருகே பாறையில் மோதியது. அந்தக் கப்பல் பல துறைமுகங்களில் ஆட்களை ஏற்றி இறக்கிச் சுற்றிவருவது. ஒருவருக்கு அது பயணத்தின் நடுநாள். இன்னொருவருக்கோ முதல் நாள். அன்று அந்தத் துறைமுகத்தில் ஏறிய ஏறத்தாழ 700 பேருக்கு ஒத்திகை நடக்கவேயில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தது. அதில் விதிமீறல் எதுவும் இல்லை. விதியே அப்படித்தான் இருந்தது!

மின்சாரக் கோளாறு என்று பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. கப்பலைக் கைவிடும் கட்டளை வருவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் சாயத் தொடங்கிவிட்டது. 32 பேர் உயிரிழந்தனர். கப்டனுக்கு 2015இல் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அதன் பின்னர் விதி திருத்தப்பட்டது. 24 மணித்தியாலத்துக்கு மேல் பயணிகள் தங்கும் கப்பல்களில், புதிதாக ஏறியோருக்கான ஒத்திகை புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ நடக்க வேண்டும். 2015 ஜனவரி 1 முதல் இதுவே சட்டம்.

தொடர்ந்து பயணிப்போர் நிலை என்ன?

இங்கேதான் கேள்வி எழுகிறது. சட்டம் 'புதிதாக ஏறியோர்' என்றே சொல்கிறது. இறங்காமல் தொடர்பவர் புதிதாக ஏறியவரா? இதில் எல்லாக் கம்பனிகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சில விலக்களிக்கின்றன, சில எல்லோரும் மறுபடி வந்தேயாக வேண்டும் என்கின்றன. எனவே நாமாகவே முடிவெடுக்காமல் கப்பல் ஊழியரிடம் கேட்டுக்கொள்வதே சரி. வரச் சொன்னால் போகத்தான் வேண்டும். மறுப்பவரை இறக்கிவிடவும் கப்டனுக்கு அதிகாரம் உண்டு.

கட்டாயம் இல்லாவிட்டாலும் போவது நல்லது. இரண்டாவது பயணத்தில் உங்கள் அறை மாறியிருக்கலாம். அறை மாறினால் ஒன்றுகூடும் இடமும் மாறலாம். பழைய இடத்தில் நீங்கள் நிற்க, புதிய இடத்தில் உங்களைத் தேடுவார்கள். ஒரு குடும்பத்தைக் காணவில்லை என்றால் அவர்களைத் தேடி ஊழியர்கள் ஆபத்துக்குள் போக நேரிடும்.

2020க்குப் பின்னர் பல கப்பல்களில் இது இலகுவாகிவிட்டது. விளக்கத்தைத் தொலைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்கு நேரில் போய்ப் பதிந்தால் போதும். சில நிமிட வேலை. ஆனால் படத்தை ஓடவிட்டுவிட்டு வேறு அலுவல் பார்ப்பவருக்கு அதனால் என்ன பயன்?

குடும்பத்தோடு போவோருக்கு

* ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகள், பின்னர் ஒரு நீண்ட ஒலி. இதுதான் அபாய அறிவிப்பு. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.
* அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணி வையுங்கள். புகையிலும் இருளிலும் அது கைகொடுக்கும். ஆபத்து வேளையில் லிப்டை நாட வேண்டாம்.
* சிறுவர்களின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கியைக் கேட்டுப் பெறுங்கள்.
* பிள்ளைகள் விளையாட்டு அறையில் இருக்கும்போது அபாய ஒலி கேட்டால், அவர்களை யார், எங்கே கொண்டுவருவார்கள் என்பதை முதல் நாளே கேட்டறியுங்கள்.
* நடக்க முடியாத, காது கேளாத முதியவர்கள் உங்களோடு இருந்தால் ஊழியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இன்னுமொன்று. ஆபத்து வேளையில், பழகியவர் போலத் தெரிபவரின் பின்னால்தான் புதியவர்கள் போவார்கள். இரண்டாவது பயணத்தில் அந்தப் பழகியவர் நீங்கள்தான். உங்களுக்கு வழி சரியாகத் தெரிந்திருந்தால், உங்கள் குடும்பம் மட்டுமல்ல, பின்னால் வருகின்ற இன்னொரு குடும்பமும் பிழைக்கும்.