டிரெய்லர் இழுக்கும் வண்டிகளில் பேட்டரியும் மின்னேற்றமும்

கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரை தாலுகாவிலுள்ள கல்லாவியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் விளைபொருள்களை முன்னாளில் கட்டை வண்டிகளே சுமந்து சென்றன. இந்நாளில் அவ்வேலையை டிராக்டரும் டிரெய்லரும், பிக்அப் வண்டிகளும் செய்கின்றன. காய்கறிகள் விடியுமுன் சந்தை சேர வேண்டியிருப்பதால் பிரயாணம் பெரும்பாலும் இரவிலேயே நிகழ்கிறது. அப்பொழுது பின்னால் வேகமாக வரும் லாரிக்காரனுக்கு, முன்னே ஒரு டிரெய்லர் செல்கிறதென்று அறிவிப்பது அதன் சிவப்பு விளக்கு ஒன்றே. அவ்விளக்கு மங்கினால் சரக்கு மட்டுமன்றி உயிரும் அபாயத்துக்குள்ளாகிறது. ஆகையால் விளக்குக்கு மின்சாரம் தரும் பேட்டரியைப் பற்றியும், அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரைப் பற்றியும் விவசாயிகள் சிறிது அறிந்திருப்பது அவசியமாகும்.

பேட்டரியின் மின்னழுத்தம்

1859ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஈயமும் அமிலமும் சேர்ந்த பேட்டரியே இன்றும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளது. அதனுள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருவதால், நிறைந்த பேட்டரியின் அழுத்தம் 12.6 வோல்ட் ஆகிறது. அது 12.4 ஆக இருந்தால் சுமார் முக்கால் பங்கும், 12.2 ஆக இருந்தால் சுமார் அரைப் பங்கும், 12.0 ஆக இருந்தால் சுமார் கால் பங்கும் மின்சாரம் மீதமிருப்பதாகக் கொள்ளலாம்.

இக்கணக்கு ஓய்ந்திருக்கும் பேட்டரிக்கு மட்டுமே பொருந்தும். என்ஜினை நிறுத்திய உடனே பார்த்தால் அழுத்தம் உள்ளதைவிட உயர்வாகத் தோன்றும். இரவு முழுதும் நிறுத்திவைத்து, காலையில் சாவியைத் திருப்புமுன் மல்டிமீட்டரால் பார்ப்பதே சரியான முறை. பின்பு செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமாயின் பேட்டரி தளர்ந்துவிட்டதென்று சந்தேகிக்கலாம்.

பழைய முறையும் புதிய முறையும்

டிராக்டர்களில் பெரும்பாலானவற்றிலும், பழைய பிக்அப் வண்டிகளிலும் உள்ள ஆல்டர்னேட்டர் சாதாரண வகையைச் சேர்ந்தது. என்ஜின் ஓடும்வரை அது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டிருக்கும். அத்தகைய வண்டியில் என்ஜின் ஓடும்போது மீட்டர் 12.5 என்று காட்டினால், பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது ஆல்டர்னேட்டர் கெட்டிருக்கிறது என்று மெக்கானிக்குகள் தீர்மானிப்பது நியாயமே.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்தது. அதற்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை வண்டியின் கணினியே ஆளுகிறது. இதனை ஸ்மார்ட் சார்ஜிங் என்பர். ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவதற்கும் என்ஜினின் பலம் செலவாகிறது. பலம் செலவானால் டீசல் செலவாகிறது. எனவே பேட்டரியில் போதிய மின்சாரம் இருக்கும்போது கணினி ஆல்டர்னேட்டருக்கு ஓய்வு கொடுத்து, அழுத்தத்தை 12.5 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். வண்டியின் வேகம் தானே குறையும்போது, வீணாகும் அவ்வேகத்தைக் கொண்டே 15 வோல்ட் வரை உயர்த்தி மின்னேற்றும். இதற்கு இடம் இருக்கவேண்டுமென்று சில வண்டிகள் பேட்டரியை முழுதும் நிரப்பாமல் ஐந்தில் நான்கு பங்கு அளவிலேயே வைத்திருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் பாதையைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. பாரத்துடன் மேடேறும்போது பலம் முழுவதும் சக்கரத்துக்கு வேண்டியிருப்பதால் கணினி மின்னேற்றத்தைக் குறைக்கும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் சரிவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மின்னேற்றம் மிகுதியாக நடக்கும். ஆகவே இத்தகைய வண்டியில் ஒரு கணத்தில் 12.6 என்றும், மறுகணத்தில் 14.8 என்றும் மீட்டர் காட்டுவது பழுதன்று. இதையறியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிவது வீண் நஷ்டமாகும்.

வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய ஒரு வழி உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சிறு பெட்டி ஒன்றும் அதிலிருந்து மெல்லிய ஒயரும் காணப்பட்டால், அது மின்சாரத்தின் வரவு செலவை அளந்து கணினிக்குச் சொல்லும் கருவியாகும். மேலும், பல வண்டிகளில் முகப்பு விளக்கை ஏற்றியவுடன் கணினி அழுத்தத்தை உயர்த்திவிடும். அவ்வாறு உயர்ந்தால் ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் உள்ளதென்று கொள்ளலாம். விளக்கேற்றியும் உயராமல், பேட்டரி விளக்கும் டாஷ்போர்டில் எரிந்தால் பழுது பார்க்க வேண்டும்.

டிரெய்லருக்குச் செல்லும் ஒயர்

டிரெய்லரின் இரண்டு பின்விளக்குகள் 5 வாட் வீதமும், இரண்டு பிரேக் விளக்குகள் 21 வாட் வீதமும் ஆக 52 வாட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் இது சுமார் 4.3 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 6 மீட்டர் போய், 6 மீட்டர் திரும்பினால் வழியிலேயே ஏறக்குறைய 0.6 வோல்ட் இழப்பாகும். சாதாரண பல்பில் அழுத்தம் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தால் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்துவிடும். அழுத்தத்தை இறக்கும் வகை வண்டியில் இவ்விழப்பும் சேர்ந்தால் விளக்கு எவ்வளவு மங்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதனினும் பெரிய குறை எர்த் சம்பந்தமானது. அநேக டிரெய்லர்களில் எர்த் ஒயர் தனியே இழுக்கப்படாமல், கொக்கியும் பின்னும் தொட்டுக்கொண்டிருப்பதே போதுமென்று விடப்பட்டிருக்கிறது. துருவும் மண்ணும் கிரீஸும் இடையே புகுந்தால் மின்சாரம் திரும்பிவர வழியின்றி விளக்கு மினுக்கும்; ஒரு பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து துடிக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும், தனி எர்த் ஒயரும், துருப்பிடிக்காத சாக்கெட்டும் போட்டுவிட்டால் இக்குறை நீங்கும்.

டிரெய்லரில் தனி பேட்டரி

மருந்து தெளிக்கும் மோட்டாருக்காகவும், இரவு வேலை விளக்குக்காகவும் சிலர் டிரெய்லரில் வேறொரு பேட்டரி வைத்து, அதனை வண்டியின் பேட்டரியோடு ஒரு ரிலே மூலம் இணைக்கின்றனர். பழைய வகை வண்டிக்கு இது ஒருவாறு பொருந்தும். புதிய வகையில் பொருந்தாது. அழுத்தத்தைப் பார்த்து இணைக்கும் ரிலேயானால், 13 வோல்ட்டுக்கு மேல் இணைத்து, அழுத்தம் இறங்கியவுடன் துண்டித்துவிடும். டிரெய்லர் பேட்டரி ஒருபோதும் நிறையாது. சாவியைத் திருப்பினால் இணைக்கும் ரிலேயானால், வண்டியின் அழுத்தம் இறங்கும்போது டிரெய்லர் பேட்டரியிலிருந்தே மின்சாரம் பின்னோக்கி ஓடிவிடும். அரைகுறையாக நிறைந்தே நாள் கழிக்கும் பேட்டரியின் தகடுகளில் வெள்ளைப் பொருக்கு படிந்து, அதன் ஆயுள் குன்றும்.

இதற்குப் பரிகாரம் டிசி-டிசி சார்ஜர் என்னும் கருவி. வண்டியிலிருந்து 12.5 வோல்ட் வந்தாலும் 15 வோல்ட் வந்தாலும், அது தன் பேட்டரிக்கு வேண்டிய 14.4 வோல்ட் அளவுக்கு மாற்றிக் கொடுக்கும். அதனை டிரெய்லர் பேட்டரியின் அருகில் வைத்து, வண்டியிலிருந்து 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயர் இழுத்து, வண்டிப் பேட்டரியின் பக்கத்திலேயே பியூஸ் போட வேண்டும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. கூடுதலாகப் பொருத்தும் எந்தச் சாதனத்தின் எர்த் ஒயரையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கட்டாமல் சேஸிஸில் கட்டவேண்டும். முனையில் கட்டினால் அளக்கும் கருவிக்கு அச்செலவு தெரியாமற்போய், கணினி தவறான கணக்கின்படி மின்னேற்றும்.

2. புதிய வகை வண்டிக்கு இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். பேட்டரி வந்திருந்தால், மாற்றும்போதும் அதே வகையையே வாங்கவேண்டும். சில வண்டிகளில் பேட்டரி மாற்றியதைக் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும்.

3. வேறு வண்டியின் பேட்டரியால் ஸ்டார்ட் செய்யும்போது, கறுப்புக் கிளிப்பை நின்றுபோன வண்டியின் என்ஜின் இரும்பில் மாட்டவேண்டும்.

4. வெயில் காலத்தில் பேட்டரியின் நீர் விரைவில் வற்றும். மூடி திறக்கும் வகையாயின் மாதமொருமுறை பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவேண்டும்.

5. ஒவ்வோர் இரவும் புறப்படுமுன் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் இருபது அடி பின்னால் நின்று விளக்குகளைப் பார்க்கவேண்டும். சிவப்பு ரிப்ளெக்டர்களை மண் போகத் துடைத்துவைப்பதும் அவசியம். மின்சாரம் அற்றுப்போன வேளையில் அவையே துணை.

தனி எர்த் ஒயருக்கும் நல்ல சாக்கெட்டுக்கும் ஆகும் செலவு ஒரு புதிய பேட்டரியின் விலையில் சிறு பகுதியே. மாங்காய்ப் பருவத்தில் வண்டிகள் ஓயாது ஓடத் தொடங்குவதற்கு முன்னரே இவ்வேலையை முடித்துக்கொள்வது உத்தமம்.