உயிரைக் காப்பாற்றிய கொலைக் கைதிக்கு தண்டனை குறையுமா? சட்டம் சொல்வது என்ன?

தாம்பரம்:

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர், பிறகு இன்னொருவரின் உயிரைக் காப்பாற்றுகிறார். அவருக்கு தண்டனையைக் குறைக்கலாமா?

டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் உடனே இரண்டு கட்சி ஆகிவிடும். "அப்போ செத்தவன் குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்பார் ஒருவர். "திருந்தினவனை இன்னும் எத்தனை வருஷம் உள்ளேயே வைப்பீங்க?" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சட்டமும் இந்த இரண்டையும் எடை போட்டுத்தான் பார்க்கிறது.

லண்டனில் நடந்தது

இங்கிலாந்தில் இப்படியே ஒரு சம்பவம் நடந்தது. ஸ்டீவன் கேலன்ட் என்பவர் 2005-ம் ஆண்டு முன்னாள் தீயணைப்பு வீரர் ஒருவரைக் கொலை செய்தவர். குறைந்தது 17 வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

2019-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி ஒரு நாள் அனுமதியில் வெளியே வந்து, லண்டன் பாலம் அருகே நடந்த கூட்டத்தில் கலந்து கொண்டார். அங்கே ஒரு தீவிரவாதி கத்தியால் குத்தி 2 பேரைக் கொன்றான். மற்றவர்கள் உயிர் பிழைக்க ஓடிய நேரத்தில், கேலன்ட் வேறு சிலருடன் சேர்ந்து அவன் மீது பாய்ந்து மடக்கினார்.

இதற்காக 2020-ம் ஆண்டு ராணியின் கருணை அதிகாரத்தின்படி அவரது தண்டனையில் 10 மாதம் குறைக்கப்பட்டது. கவனிக்க வேண்டும், விடுதலை அல்ல. 17 வருடத்தில் 10 மாதம்தான். கொலையானவரின் மகனே இதற்கு எதிர்ப்பு சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நம்ம ஊரில் எப்படி?

நம் நாட்டில் நல்ல செயலைக் கணக்கில் எடுக்க இரண்டு கட்டம் இருக்கிறது.

முதல் கட்டம் கோர்ட்டில். செசன்சு கோர்ட்டில் "குற்றவாளி" என்று தீர்ப்பு சொன்னதும், எவ்வளவு தண்டனை என்பது பற்றி நீதிபதி அவரிடம் கேட்க வேண்டும். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் (258-வது பிரிவு) இது இருக்கிறது. வயது, குடும்ப நிலைமை, முதல் வழக்கா என்பதை எல்லாம் அப்போது சொல்லலாம். உதாரணத்துக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை மோதிவிட்டு ஓடியவரும், அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை நீதிபதியிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான்.

இரண்டாவது கட்டம் ஜெயிலில். நன்றாக நடந்து கொண்டால் தண்டனையில் நாட்கள் கழியும். ஜெயிலில் தீப்பிடித்தால் உதவுவது, வார்டன் தாக்கப்படும்போது காப்பாற்றுவது, மற்றவர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுப்பது போன்றவற்றுக்கு சிறப்பு தண்டனைக் குறைப்பு என்றே தனியாக இருக்கிறது.

ஆனால் தூக்கு வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை, சாதாரணமாக 14 வருடம் முடியாமல் அரசு வெளியே விட முடியாது. கவர்னர், ஜனாதிபதியின் கருணை அதிகாரம் மட்டும் தனி.

ஸ்ரீபெரும்புதூர் வழக்கு

தாம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1991-ம் ஆண்டு மே 21-ந்தேதி ராஜீவ்காந்தி படுகொலை செய்யப்பட்டார். 9 வோல்ட் பேட்டரி 2 வாங்கிக் கொடுத்ததாக பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. 1998-ல் பூந்தமல்லி தனிக்கோர்ட்டு 26 பேருக்கு தூக்கு விதித்தது. 1999-ல் அது 4 பேராகக் குறைந்தது. அதில் பேரறிவாளனும் ஒருவர்.

கருணை மனு 11 வருடம் இழுத்தடிக்கப்பட்டதால் 2014-ல் அவரது தூக்கு ஆயுளாக மாறியது. ஜெயிலிலேயே படித்து பட்டம் வாங்கினார். 2022-ம் ஆண்டு மே 18-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. மந்திரிசபை பரிந்துரை மீது கவர்னர் முடிவெடுக்காததுதான் முக்கிய காரணம். அதோடு, அவரது நன்னடத்தை, படிப்பு, உடல்நிலை, உள்ளே கழித்த 30 வருடத்துக்கும் மேலான காலம் ஆகியவற்றையும் கோர்ட்டு பார்த்தது.

தாய் அற்புதம்மாளின் கண்ணீரை தமிழ்நாடே பார்த்தது. ஆனால் அதே குண்டுவெடிப்பில் போலீஸ்காரர்களும் கட்சித் தொண்டர்களும் செத்தார்கள். படுகாயம் அடைந்து உயிர் பிழைத்த பெண் போலீஸ் அதிகாரி அனுசுயா டெய்சி விடுதலையைக் கடுமையாக எதிர்த்தார். அவரது வலியையும் யாரும் தள்ளிவிட முடியாது.

நன்னடத்தை என்ற பெயரில்...

இதற்கு மறுபக்கமும் உண்டு. குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அந்த மாநில அரசு விடுவித்தது. நன்னடத்தையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2024-ம் ஆண்டு ஜனவரி 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்து, அனைவரையும் திரும்ப ஜெயிலுக்கு அனுப்பியது. குஜராத் அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை என்றும் சொன்னது.

ஆக, நல்ல செயல் பழைய குற்றத்தை அழிக்காது. ஆள் மாறியிருக்கிறார் என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சிக்கு உரிய மதிப்பைக் கொடுக்கலாம். நாட்களில், மாதங்களில் குறைக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் காதில் போடாமல், ஆள் பார்த்து, கட்சி பார்த்துக் குறைத்தால் அது கருணை இல்லை, சலுகை.

ஏழைக்கு யார் சொல்வது?

பெரிய வழக்கு என்றால் பேச நாலு பேர் வருவார்கள். புழல் ஜெயிலில் இருக்கும் கூலித் தொழிலாளி மகனுக்கு யார் பேசுவது? அவன் செய்த நல்லது ஃபைலில் ஏறவில்லை என்றால் நடக்காத மாதிரிதான்.

எனவே வீட்டில் யாராவது வழக்கில் மாட்டியிருந்தால், படிப்பு சர்டிபிகேட், வேலை கொடுத்தவரின் கடிதம், அடிபட்டவருக்கு உதவியதற்கான ஆஸ்பத்திரி சீட்டு ஆகியவற்றை வக்கீலிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். தீர்ப்பு அன்று தேடினால் கிடைக்காது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் அலுவலகத்தில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் விவரம் தெரிந்து கொள்ளலாம்.