சமையல் மேடையும் நம் கடை ஆசிட் பாட்டிலும்

ஆவடியில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரிடம் வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் வந்து, சமையல் மேடையில் குழாயடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது, என்ன போட்டால் போகும் என்று கேட்டார். நம்மவரும் வழக்கம் போல ஓர் ஆசிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் அந்த அம்மாள் திரும்பி வந்து, "அண்ணாச்சி, உப்பும் போச்சு, கல்லோட கறுப்பும் போச்சு!" என்றார். பாட்டில் விற்ற லாபம் சில ரூபாய்தான். ஆனால் அந்த வீட்டு மாத மளிகை அதோடு வேறு கடைக்குப் போய்விட்டது.

தவறு எங்கே? "என்ன கல்லும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்காததுதான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பழைய வீடுகளில் சமையல் மேடை பெரும்பாலும் கடப்பா கல். புதிய வீடுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கிரானைட். வசதியுள்ள சில வீடுகளில் மார்பிள். பல வீடுகளில் மேடை கிரானைட்டாகவும் கீழ்த் தட்டுகள் கடப்பாவாகவும் இருக்கும். பார்வைக்கு எல்லாம் கல்தான் என்றாலும் குணம் வேறு வேறு.

ஆந்திராவின் கடப்பா பகுதியிலிருந்து வருவதால் பெயர் பெற்ற கடப்பா கல், சுண்ணாம்புக் கல் இனம். ராஜஸ்தான் மக்ரானாவில் வெட்டும் மார்பிளும் சுண்ணாம்புச் சத்தால் ஆனதே. குழாயடியில் படியும் வெள்ளை உப்பிலும் முக்கியமாக இருப்பது அதே சுண்ணாம்புச் சத்து. ஒன்றைக் கரைக்கும் ஆசிட் மற்றதை விட்டுவைக்குமா? உப்பை அரித்த கையோடு கல்லின் மேல்தோலையும் அரித்துவிடும். எலுமிச்சை, வினிகர், புளித் தண்ணீர், தயிர் ஆகியவையும் நேரம் எடுத்துக்கொண்டு இதே வேலையைச் செய்யும். அப்படி மங்கிய இடம் எவ்வளவு கழுவினாலும் திரும்பாது. பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும்.

கிரானைட் அப்படியல்ல. அதில் உள்ள கடினமான தாதுக்களை நாம் விற்கும் ஆசிட் எளிதில் கரைக்காது. ஆனால் கற்களின் இணைப்பில் பூசிய சிமெண்டை அது தின்றுவிடும். அதன் புகை பட்டு ஸ்டீல் தொட்டியும் குழாயும் துருப்பிடிக்கும். ஆகவே கிரானைட்டுக்கும் ஆசிட் தேவையில்லை.

கல்லைத் தெரிந்துகொள்ள எளிய வழி: புள்ளி புள்ளியாகக் கண்ணாடி போல் மின்னினால் பெரும்பாலும் கிரானைட். புள்ளியே இல்லாமல் மங்கலான கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் கடப்பா. சந்தேகம் இருந்தால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைக்கச் சொல்லுங்கள். தடம் விழுந்தால் அது சுண்ணாம்பு இனம்.

பிறகு எதைக் கொடுப்பது? எந்தக் கல்லானாலும் தினசரி சுத்தத்துக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு ஸ்பூன் போதும். பருத்தித் துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் ஒரு முறை துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். ஈரம் நிற்காவிட்டால் உப்புப் படிவதும் குறையும். படிந்த உப்பை ஊற வைத்து, பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகச் சுரண்டலாம். கம்பி நார் வேண்டாம். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் களி போலக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விட்டால், களி காயும்போது எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடி செய்யலாம். இவை யாவும் நம் கடையில் உள்ள சரக்குகளே!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒருவரே கேட்டால் சேர்க்கக் கூடாது என்று சொல்லியே கொடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. ஆசிட் வீச்சு வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி, வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதாமல் ஆசிட் விற்கக் கூடாது. முகவரியுடன் கூடிய அரசு புகைப்பட அடையாள அட்டையைப் பார்த்து, எதற்கு என்றும் கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. இருப்பைச் சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத இருப்பைப் பறிமுதல் செய்து 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பையன் கையில் காசு கொடுத்து அனுப்பினார்கள், பாட்டிலைக் கொடுத்தோம் என்ற காலம் போய்விட்டது.

நம் கல்லாப்பெட்டி இருக்கும் மேடையையும் பாருங்கள். பருப்பிலும் அரிசியிலும் வரும் மணல், கடப்பாவையும் மார்பிளையும் விடக் கடினம். அதன் மேல் எடைக்கல்லை இழுத்தால் கீறல் விழும். முதலில் மணலைத் தட்டிவிட்டுப் பிறகு துடைக்கப் பையன்களைப் பழக்குங்கள்.

கேட்டதை எடுத்துக் கொடுக்க யாராலும் முடியும். எது வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரைத்தான் வாடிக்கையாளர் நம்பித் திரும்பி வருவார்.